மற்றக் கை கூட்டாளிக்கு

லண்டனில் ஒரு பழைய ஆஸ்பத்திரியை இப்போது காட்சிச்சாலையாக வைத்திருக்கிறார்கள். மோர்டனில் இருக்கிற வீட்டிலிருந்து என்னைக் கூட்டி வந்த மகள் கீழே கோப்பி வாங்கப் போய்விட்டாள். நான் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறேன். உள்ளே நூற்றைம்பது வருசத்துக்கு முந்திய கடிதம். டொக்டருக்குப் படிக்க ஊரை விட்டு வந்த ஒரு பெடியன் தாய்க்கு எழுதியது. அங்கே வேலை செய்யும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை எனக்குத் தமிழில் சொல்லுகிறாள்.

“அறையில நெருப்பில்லையாம், விரல் விறைக்குதாம், அம்மா வைக்கிற சூப்பு நினைப்பாம்.”

பாவம், தாய் என்ன பாடுபட்டிருப்பாள் என்று நினைக்கிறேன்.

“வெட்டிப் படிக்க நல்ல கையொண்டு கிடைச்சிருக்காம். மற்றக் கை கூட்டாளிக்காம்.”

“ஆரின்ர கை, பிள்ளை?”

“ஏழைகள் மடத்தில செத்த ஒரு கிழவி. ஆரும் கேட்டு வராட்டி உடம்பைப் படிக்கக் குடுக்கலாம் எண்டு அப்ப சட்டம், அன்ரி.”

“கேட்டு வர ஆளில்லாட்டிக் கூறு போடலாமோ? அவவென்ன மீனே?”

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்கிறது. அவனுடைய பெயர் பித்தளைத் தகட்டில் மின்னுகிறது. அவன் குடித்த கோப்பைக்குக்கூட விளக்கம் எழுதியிருக்கிறார்கள். வாய்க்கரிசியும் இல்லாமல் போனவவுக்கு ஒரு வரி இல்லை.

பிள்ளை ஒரு தாளை எடுக்கிறாள். “முறைப்பாடு குடுக்கலாம். நீங்கள் சொல்லுங்கோ, நான் இங்கிலிஷில எழுதுறன்.”

“அவன்ர பேருக்குக் கீழ அவவின்ர பேரையும் போடச் சொல்லு. தேடிப் பாக்கட்டும். கிடைக்காட்டி அந்த இடத்தை வெறுமையா விடட்டும்.”

“ஓம் அன்ரி. முறைப்பாடு சொன்ன ஆளின்ர பேரும் வேணும். கூச்சமெண்டால் விடுங்கோ.”

வங்கித் தாளைக்கூட மகளைக் கொண்டு நிரப்புவிக்கிறவள் நான். பேனாவை வாங்கி, அப்பாவின் பெயரையும் என் பெயரையும் தமிழில் முழுதாக எழுதுகிறேன்.