பேச்சுக்கு இரண்டு விளக்கு

அமலாக்காவை நான் முதலில் பார்த்தது, செஞ்சியில் நான் வேலை பார்க்கும் இன்வெர்ட்டர் கடையில். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. வாசலுக்குப் போய் மேகத்தைப் பார்ப்பார், உள்ளே வந்து பேட்டரி விலையைப் பார்ப்பார், மறுபடியும் வாசல். கூட வந்திருந்த தம்பி தேவேந்திரன் ஜெனரேட்டர்தான் வாங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான்.

"மோட்டாரே ஓடும்க்கா. சத்தம் போட்டாலும் மாமாவுக்குக் கேக்காது. உனுக்கு இன்னா கஷ்டம்?"

"தெருவுல மத்தவங்களுக்கெல்லாம் காது இருக்குதுடா. அது கயிறு இழுத்துக் கெளம்பறதுக்குள்ள உங்க மாமா மூடு மாறிடும்."

அவர் கணவர் நெடுமாறனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர்.

தளவானூரில் எங்கள் குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவன் நான். அதுவும் மின் பொறியியல். படித்த படிப்புக்கு ஏற்ப முறையாகக் கேட்டேன். ஃபேன் எத்தனை, டிவி உண்டா, மிக்ஸி ஓட வேண்டுமா?

"அதெல்லாம் வேணாம் தம்பி. லைட்டு எரிஞ்சா போதும். பேசணும்."

நான் விழித்தேன். அவர் பொறுமையில்லாமல் இரண்டு கைகளையும் ஆட்டிக் காட்டினார். அவர்கள் வீட்டில் பேச்சு கையாலும் முகத்தாலும்தான். நெடுமாறன் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போவதும் அந்த நேரத்தில்தான். கூடவே பேச்சும் போய்விடும்.

"செல்போன் டார்ச் அடிச்சிக்கலாமேக்கா?"

"ஒரு கையில செல்லு புடிச்சா மீதி ஒரு கைதான? பாதிப் பேச்சுதான் வரும். மெழுகுவத்தி ஏத்தினா அவரு சிரிக்கறாரா மொறைக்கறாரான்னே தெரியல."

"பகல்ல வீடியோ கால்?"

"சாரத்து மேல நிக்கற மனுசன்கிட்ட வீடியோவுல சண்ட போடச் சொல்றியா? காலையில கேக்கலாம்னா டீ ஆறதுக்குள்ள பஸ்சுக்கு ஓடிடறாரு. எழுதிக் காட்டவும் முடியாது, அவரு பள்ளிக்கூடம் போனதில்ல."

சண்டை இதுதான். செங்கல்பட்டில் ஒரு மேஸ்திரி நெடுமாறனை அங்கேயே தங்கி நிரந்தரமாக வேலை பார்க்கக் கூப்பிட்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போக வேண்டும் என்று அவருக்குத் துடிப்பு. அக்கா 'வேண்டாம்' என்று ஆரம்பித்ததும் கரண்ட் போயிற்று. மறுநாளும் அதே கதை.

"வேணாம்கறதோட நிக்குது தம்பி. மொகத்தத் திருப்பிக்கினு படுத்துக்கறாரு."

வாடகை வீட்டு மாடியில் சோலார் வைக்க வீட்டுச் சொந்தக்காரர் சம்மதிக்கவில்லை. கடைசியில் சிறிய இன்வெர்ட்டர், சிறிய பேட்டரி, இரண்டு விளக்கு என்று முடிவானது. "அவரு மூஞ்சிக்கு ஒண்ணு, எம் மூஞ்சிக்கு ஒண்ணு" என்றார் அக்கா.

வியாழன் மாலை மாட்டப் போனேன். நெடுமாறன் சட்டையெல்லாம் பெயிண்ட் புள்ளியோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்ததும் சோதித்துப் பார்க்க மெயினை அணைத்தேன். ஃபேன் நின்றது, விளக்குகள் கண் சிமிட்டிவிட்டு எரிந்தன.

அக்கா உடனே கணவர் தோளைத் தட்டித் திருப்பினார். இரண்டு கைகளும் பறந்தன. அவர் தலையை ஆட்டி மறுத்தார். அக்கா தன் நெஞ்சைத் தொட்டார், கணவர் நெஞ்சைத் தொட்டார், வாசல் பக்கம் கையை நீட்டினார். மறுபடியும் அதையே செய்தார். நெடுமாறன் கைகள் அந்தரத்தில் நின்றன.

ஃபேன் இல்லாமல் எனக்கு வியர்த்துக் கொட்டியது. "மெயினைப் போட்டுடட்டாக்கா?"

"இரு தம்பி, இன்னும் முடிக்கல!"

ஒருவழியாக முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தனியா போறதத்தான் வேணாம்னேன். நானும் கூட வரேன்னு சொல்றதுக்குத்தான் இத்தன நாளாச்சி."

"அவர் இன்னா சொல்றாரு?"

நெடுமாறன் இன்வெர்ட்டரைக் காட்டி, திருகாணியைச் சுழற்றுவதுபோல் விரலைச் சுழற்றினார். அக்கா சிரித்துவிட்டார். "இத்தக் கழட்டி எடுத்துக்கினு போக முடியுமான்னு உன்னக் கேக்கறாரு."

இப்போது இருவரும் செங்கல்பட்டில் ஓர் அறை வீட்டில் குடியிருக்கிறார்கள். இன்வெர்ட்டரும் அங்கேதான் இருக்கிறது. நான்தான் போய் மாட்டிக் கொடுத்தேன்.