ஊசி முறிந்த வாரம்

அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் அத்தையைவிட அவளுடைய தையல் மெஷினைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக் கூடத்து ஜன்னலோரம் அந்தக் கறுப்பு மெஷின் கால்மிதியோடு நின்றிருந்தது. வந்தவர்களில் பெரியவர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், இழுப்பறையைத் திறந்து மூடினார். நகையெல்லாம் வேண்டாம், தைக்கிற மெஷினோடு பெண்ணை அனுப்பினால் போதும் என்றார். தங்கமான மனிதர்கள் என்று அப்பா நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை ஜாசினுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கங்காணி. மனைவியை இழந்தவர். மூன்று பிள்ளைகள், மூத்தவனுக்கு மீசை முளைத்துவிட்டது. அத்தை அப்பாவின் கடைசித் தங்கை, இருபத்து மூன்று வயது. அவளிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா என்று யோசித்துப் பார்க்கிறேன். கேட்டிருக்க மாட்டார்கள். அம்மா மட்டும் ஒரு தடவை வாயைத் திறந்தாள். அப்பா திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

எனக்கு அப்போது எட்டு வயது. சுதந்திரம் வரப்போகிறதென்று ஊரே மெர்டேக்கா மெர்டேக்கா என்று பேசிக்கொண்டிருந்தது. சுதந்திரத்தன்று எங்கள் பள்ளிப் பெண் பிள்ளைகள் வெள்ளைக் கவுன் போட்டு ஊர்வலம் போவதாக ஏற்பாடு. என் கவுனை அத்தைதான் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கை மட்டும் பாக்கி இருந்தபோது மெஷின் படுத்துவிட்டது. இறங்குகிற ஊசி துளைக்குள் போகாமல் அடித்தகட்டில் இடித்து முறிந்தது. அத்தை வேறு ஊசி மாட்டினாள். அதுவும் முறிந்தது. மூன்றாவது முறிந்ததும் மெஷின்மேல் துணியைப் போர்த்திவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அப்பாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆனி மாதம் முடியப் பத்தே நாள்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து மெஷின் ஓடுவதைப் பார்த்துவிட்டு, ஆனிக்குள்ளேயே தாலி கட்டி அழைத்துப் போவதாகப் பேச்சு. ஆடி பிறந்துவிட்டால் யாரும் கல்யாணம் செய்ய மாட்டார்கள். அவர்களோ ஆவணி வரை காத்திருக்கிற ஆட்கள் இல்லை. மெஷின் சங்கதி எப்படியோ காதுக்கு எட்டி, ஞாயிற்றுக்கிழமை அது தைக்கவில்லையென்றால் வேறு இடத்தில் பெண் தயாராக இருக்கிறது என்று ஆள் விட்டுச் சொல்லியும் விட்டார்கள்.

பஸ் பட்டறையில் வேலை பார்த்த சித்தப்பாவை அப்பா வரச் சொன்னார். சனிக்கிழமை காலையிலேயே அவர் புக்கிட் பாருவிலிருந்து சைக்கிளில் வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். ஊசி வளைந்திருக்கிறதா என்று கண்ணாடிமேல் படுக்க வைத்துப் பார்த்தார். வளையவில்லை. அதன் தட்டைப் பக்கம் சரியாகத்தான் மாட்டியிருந்தது. துணியை அழுத்துகிற பாதத்தைக் கழற்றி மாட்டினார். அடித்தகட்டின் திருகுகளைத் தளர்த்தி, நகர்த்தி, இறுக்கினார். பிறகு காலண்டர்த் தாளைக் கிழித்து ஊசிக்கடியில் வைத்து, காலால் மிதிக்காமல் கையாலேயே சக்கரத்தை மெல்லச் சுற்றினார். ஊசி குத்திய இடம் துளையை விட்டு ஒரு நூல் அளவு தள்ளியிருந்தது. ஏன் என்று அவருக்குப் பிடிபடவில்லை. பிற்பகலாகியும் அதே ஒரு நூல்தான். டவுனில் மெஷின் பார்க்கிற சீனர் சிங்கப்பூர் போயிருக்கிறார், அடுத்த வாரம்தான் வருவாராம், தன்னால் ஆகாது என்று சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டார். அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் எனக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். சும்மா வைக்கவில்லை. என் கவுனுக்கு ஒரு கை இல்லையே என்ற கவலை எனக்கு. மெஷினின் இடப்பக்கத்து மூடியைக் காட்டிச் சொன்னேன்:

“சித்தப்பா, ஊசி ஒடையறதுக்கு மொத நாளு அத்தை இந்த மூடியத் தொறந்து குட்டித் திருப்புளியால உள்ள ஒரு ஸ்குருவத் திருப்புனாங்க. அதப் பாத்தீங்களா?”

அத்தை எண்ணெய் விடுகிறாள் என்றுதான் அன்றைக்கு நான் நினைத்திருந்தேன். சத்தியமாக அவ்வளவுதான்.

சித்தப்பா மூடியைத் திறந்தார். உள்ளே ஊசித்தண்டைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருந்தது. தண்டு லேசாகத் திரும்பியிருந்தது. அந்த மெஷினில் ஊசி தண்டின் நடுவில் மாட்டுவதில்லை, பக்கத்துப் பள்ளத்தில்தான் மாட்டுவது. தண்டு இம்மி திரும்பினாலும் ஊசி விலகிவிடும். இதையெல்லாம் அவர் பல வருஷம் கழித்துச் சொன்னார். அன்றைக்கு அவர் அடுப்படி வாசலில் நின்ற அத்தையை நிமிர்ந்து பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தாள். சித்தப்பா திருகைத் தொடாமல் கையை எடுத்துக்கொண்டார்.

“என்னடா, கெடச்சிருச்சா?” என்று அப்பா எழுந்து வந்தார்.

“கெடச்சிருச்சுண்ணே. ஓடி ஓடித் தானா லூஸாயிருக்கு.”

அப்பா பக்கத்திலேயே நின்றதால் சித்தப்பா தண்டை நேராக்கித் திருகை இறுக்கினார். தைத்துப் பார்க்கச் சொன்னார் அப்பா. அத்தை வந்து உட்கார்ந்து நூல் கோத்தாள். என் கவுனின் பாக்கிக் கையை ஒரே மூச்சில் தைத்து முடித்தாள். தையல் நேராக விழுந்தது. நான் கைதட்டினேன், நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. சித்தப்பா சாப்பிடாமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவர் ஒரு கந்தல் துணியைத் தைக்கச் சொல்லி, தையலை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார். ஆனி கடைசியில் கல்யாணம் நடந்தது. மறுநாள் ஒரு லாரியில் மெஷினைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். ஏறுவதற்கு முன் அத்தை என்னைக் கூப்பிட்டு, மெஷின் இழுப்பறையில் கிடக்கும் அந்தக் குட்டித் திருப்புளியை என் கையில் வைத்தாள்.

“நீயே வெச்சுக்க பாப்பா. இனிமே எனக்கு எதுக்கு?”

அவள் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்கு அன்றைக்கே ஏதாவது புரிந்திருக்கும்.

சுதந்திரத்தன்று அந்த வெள்ளைக் கவுனைப் போட்டுக்கொண்டு ஊர்வலம் போனேன். வழியெல்லாம் கூட்டத்தில் அத்தையைத் தேடினேன். தோட்டத்திலிருந்து அவளை அனுப்பவில்லை. திருப்புளி என் பையில் இருந்தது. எல்லோரும் மெர்டேக்கா என்று கத்தியபோது நான்தான் அதிகமாகக் கத்தினேன். பக்கத்தில் நடந்த பிள்ளைகளிடம் திருப்புளியை எடுத்துக் காட்டி, யாராலும் கண்டுபிடிக்க முடியாத கோளாறைக் கண்டுபிடித்ததற்கு எங்கள் அத்தை கொடுத்த பரிசு என்று சொன்னேன்.