மச்சானின் கையும் ஒரு பாறை மீனும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பாறை மீன் என் மச்சானின் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. ஏழு தையல்.

மீனைக் குறை சொல்ல முடியாது. அது பாட்டுக்கு இரை தின்ன வந்தது. தப்பு முழுக்க மச்சானுடையது... மறுநாள் காலை வரை இப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். திருச்சுழிப் பக்கம் போர்வெல் மோட்டார் மெக்கானிக். முந்நூறு அடி ஆழத்தில் நின்றுபோன மோட்டாரைக் கயிறு கட்டி மேலே எடுப்பார், சரி செய்வார், திரும்ப இறக்குவார். முப்பது வருஷமாக இதுதான். ஞாயிறு கிடையாது, தீபாவளி கிடையாது. தண்ணீரைக் குழாய் வழியாக மட்டுமே பார்த்த மனுஷன். அவரைக் கொண்டுபோய்க் கடலில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்?

எனக்கு இப்படித்தான் யோசனை வரும். வாராவாரம் பத்தி எழுதுகிறவனுக்கு ஏதாவது வேண்டுமே!

சாயல்குடி தாண்டி ஒரு கடற்கரை ஊர். பொங்கல் முடிந்து காற்று அடங்கியதும் அங்கே தூண்டில் சீசன் தொடங்குகிறது. படகு, தூண்டில், லைஃப் ஜாக்கெட், மதியச் சோறு, கூடவே ஒரு கைடு – எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ். போனில் புக் செய்தால் போதும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறார்களாம். அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து வந்த முதல் பார்ட்டி நீங்கள்தான் என்றார் கைடு ஜெரால்டு. அந்த ஊர் மீனவர்தான். முப்பத்தைந்து வயது இருக்கும்.

படகு கிளம்புவதற்கு முன்பே அவர் பாடம் எடுத்தார். "மீன் கடிச்சா இழுக்காதிய அண்ணாச்சி. ஓட விடணும். ரீல் தானா நூல விடும். களைச்சதும் மெதுவாச் சுத்தணும். நூலைக் கையால மட்டும் தொட்றாதிய... கத்தி மாதிரி அறுத்துப்புடும்."

மச்சான் தலையாட்டினார். கல்யாண வீட்டில் ஐயர் சொல்வதற்கு மாப்பிள்ளை ஆட்டுவது போன்ற ஆட்டல்.

கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். சிக்னல் இருந்தது. பத்து மணிக்கு அவருக்கு ஒரு போன் வந்தது. பாலவனத்தத்தில் தனியாளாக வெள்ளாமை பார்க்கிற செல்லம்மா.

"அண்ணே, மோட்டாரு நின்னுபோச்சுண்ணே. மொளகா நாத்து நட்டு நாலு நாள்தான் ஆகுது. இந்த வெயிலுக்கு நாளைக்குத் தண்ணி காட்டலைன்னா பூராம் கருகிரும்."

"நாளைக்குக் காலையில வாரேன், தாயி. கவலப்படாத" என்று சொல்லி போனை வைத்தார். அதன்பிறகு அவருக்குக் கடல் தெரியவில்லை. கண் தண்ணீரில், மனசு பாலவனத்தத்தில்.

அந்த நேரம் பார்த்துத்தான் மீன் கடித்தது. பெரிய பாறை. ரீல் கிர்ரென்று சத்தம் போட, நூல் ஓடுகிறது.

"விடுங்க அண்ணாச்சி! ஓட விடுங்க!" – ஜெரால்டு.

மச்சான் என்ன செய்தார் தெரியுமா? தூண்டில் கம்பை முழங்காலுக்கு இடையில் கவ்வினார். ஓடுகிற நூலைக் கையால் பிடித்து, உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றினார்!

மோட்டார் கயிற்றை அப்படித்தான் பிடிப்பார்கள். நழுவினால் மோட்டார் அடியில் போய் அடைத்துக்கொள்ளும். மோட்டாரும் போச்சு, போரும் போச்சு. ஆனால் இது தடித்த கயிறு இல்லையே... ஜெரால்டு பாய்ந்து வந்து கத்தியால் நூலை அறுக்காவிட்டால் விரலே போயிருக்கும்.

"நான்தான் சொன்னேனே அண்ணாச்சி!" என்றார் அவர், அழாத குறையாக.

"சொன்னீக தம்பி. கை கேக்கலை" என்றார் மச்சான்.

கரையில் தையல் போட்டார்கள். டாக்டர், பத்து நாளைக்குக் கையால் எதையும் பிடிக்கக் கூடாது என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் சிரித்துக்கொண்டே வந்தேன். படித்துப் படித்துச் சொல்லியும் கேட்காத கையை வைத்து ஒரு பத்தி மனசுக்குள் தயாராகிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மச்சான் என் வாசலில் நின்றார். "மாப்ள, கெளம்பு. இன்னைக்கு என் கைக்குப் பதிலா உன் கை."

வேறு மெக்கானிக் கிடைக்கவில்லையா? கேட்டுப் பார்த்தார். எல்லோருக்கும் வேலை. சீசன் கடலுக்கு மட்டுமா, நம் ஊர் மோட்டார்களுக்கும்தான்.

பாலவனத்தத்தில் செல்லம்மாவின் போருக்கு மேல் மூன்று கம்பை நட்டு உருளை மாட்டியிருந்தார்கள். அவருடைய ஆட்கள் இரண்டு பேர், செல்லம்மா, கடைசியில் நான். நான்கு பேரும் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். மச்சான் போர் வாயில் நின்று, கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி குரல் மட்டும் கொடுத்தார்.

"டவுனு ஆளா? கையப் பார்த்தாலே தெரியுது" என்றார் செல்லம்மா என்னைத் திரும்பிப் பார்த்து. பக்கத்தில் நாற்று பாதி தலை சாய்ந்து கிடந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

நூறடி வந்தது. நூற்றைம்பது. என் உள்ளங்கை எரிந்தது. வாசகர்களே, பேனா பிடித்த கை என்று பெருமையாகச் சொல்வோமே... அது எதற்கும் உதவாத கை. இருநூறு அடி இருக்கும், செருப்பு வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். என் பிடி போனது. முன்னால் இருந்த மூன்று பேரையும் கயிறு சரசரவென்று இழுத்துக்கொண்டு போனது.

"ஐயோ!" என்று செல்லம்மா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கயிறு நின்றது.

மச்சான் பிடித்திருந்தார். தையல் போட்ட கையால். அதே ஒரு சுற்று. வெள்ளைக் கட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது? பயமாகவும் இருந்தது.

"எந்திரி மாப்ள. இழு. மத்தத அப்புறம் பார்ப்போம்" என்றார்.

மோட்டார் மேலே வந்தது. கேபிள் ஜாயின்ட் எரிந்திருந்தது, அவ்வளவுதான். அவர் சொல்லச் சொல்ல ஆட்கள் சரி செய்து திரும்ப இறக்கினார்கள். மதியம் ஒரு மணிக்கு ஸ்விட்சைப் போட்டதும் குழாய் இருமி, செம்மண் கலங்கலாகத் துப்பி, பிறகு தெளிந்து கொட்டியது.

செல்லம்மா ஓடிவந்து மச்சானின் கட்டை அவிழ்த்து, கையைக் குழாய்க்கு அடியில் பிடித்தார். அவர் முகம் நனைந்திருந்தது அழுகையாலா, தெறித்த தண்ணீராலா என்று சொல்ல முடியவில்லை. இரத்தம் கரைந்து வாய்க்காலில் போனது.

மச்சான் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஏ தாயி, தண்ணிய வீணாக்காத. செடி காத்துக் கெடக்கு."