இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில்

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, இந்த அம்மா ஏன் இப்படி எரிந்து விழுகிறாள் என்று கேட்கக் கூடாது. அன்றைக்கு லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டபோதும் எனக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம்தான். கையில் தயிர்ப் பாக்கெட், முழங்காலில் வலி, தலைக்கு மேல் அணைந்துபோன விளக்கு. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் காதில் விழ வாய்ப்பில்லை. அமாவாசை என்று குடும்பத்தோடு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போயிருந்தார்.

எங்கள் கட்டடம் ஐந்து மாடி. சென்னைக்காரர்களுக்கு இதெல்லாம் ஓர் உயரமே இல்லை. செஞ்சியில் இதைக் கட்டியபோது பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். லிஃப்ட் வருகிறது என்றதும், "கோட்டையையே ஏறி எறங்கற ஊர்ல லிஃப்டு இன்னாத்துக்கு?" என்று கேலி பேசினார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, அவர்களுக்கு முழங்கால் நன்றாக இருந்தது. வீட்டுக்காரர் இறந்தபிறகு, மேல்சித்தாமூர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இங்கே நாலாவது மாடியில் நான் தனியாக வந்து உட்கார்ந்தது அந்த லிஃப்டை நம்பித்தான்.

அது மடக்கி இழுக்கிற கம்பிக் கதவு வைத்த லிஃப்ட். பெட்டியில் ஒரு கதவு, ஒவ்வொரு மாடியிலும் வெளியே ஒரு கதவு. எல்லாம் இறுகச் சாத்தியிருந்தால்தான் ஓட வேண்டும். நாளாக ஆகக் கதவுகள் தளர்ந்துபோய், கொஞ்சம் ஆடினாலே வண்டி நடுவழியில் நின்றது. மாதாமாதம் வந்து பார்க்கிற கம்பெனி ஆளை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தார்கள், எண்ணெய் விட்டுத் துடைப்பதற்கு ஓர் ஆளா என்று. செயலாளர் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் வயரை எங்கேயோ ஜாயின்ட் போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கதவு சாத்தினாலும் சாத்தாவிட்டாலும் லிஃப்ட் பாட்டுக்கு ஓடியது. அப்பாடா என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். கரண்ட் போனால் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய் நிறுத்துகிற பேட்டரி செத்துப்போய் வெகுகாலம் ஆகிறது. உள்ளே இருந்த மணியைப் பிள்ளைகள் அடித்து விளையாடுகிறார்கள் என்று பிடுங்கிவிட்டார்கள்.

நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தபிறகு வாயில் எதையும் போடமாட்டோம், தண்ணீர்கூட. எனக்கோ சர்க்கரை வியாதி. சாயங்காலம் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் இட்லியோ உப்புமாவோ சாப்பிட்டு, வெயில் இருக்கும்போதே கையைக் கழுவிவிடுவேன். அன்றைக்கு ஊசியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் வீட்டில் தயிர் இல்லை. வாசல் கடைதானே, இதோ வந்துவிடலாம் என்று இறங்கினேன். வாங்கிக்கொண்டு ஏறும்போது கரண்ட் போயிற்று.

எதிரே வெறும் சுவர். என் முகத்துக்கு நேரே மூன்றாம் மாடியின் தரை விளிம்பு. அதற்கும் லிஃப்டின் கூரைக்கும் நடுவில் ஒரு சந்து, ஓர் ஆள் படுத்து நுழைகிற அளவுக்கு. அதன் வழியாகத்தான் வெளிச்சம் வந்தது. நான் போட்ட சத்தத்தில் மூன்றாம் மாடிக்காரி வெளியே வந்து, அந்த மாடியின் கம்பிக் கதவை இழுத்துத் திறந்துவிட்டு, தரையில் படுத்து என்னை எட்டிப் பார்த்தாள். அவள் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கும் எனக்கும் பேச்சே கிடையாது. அவள் கருவாடு வறுத்தால் புகை நேராக என் வீட்டுக்கு வரும். நான் படிக்கட்டில் நின்று கத்துவேன், அவள் கதவைப் படாரென்று சாத்துவாள். எங்கள் உறவு அவ்வளவுதான்.

அவளுக்குப் பின்னாலேயே என் எதிர்வீட்டுக்காரரும் இறங்கி வந்தார். ரைஸ்மில் வைத்திருக்கிறவர், நெல் மூட்டையைத் தனியாகத் தூக்குகிற உடம்பு. வந்த வேகத்தில் மண்டிபோட்டு, சந்துக்குள் இரண்டு கையையும் விட்டார்.

"அக்கா, கைய குடுங்க. ஒரே இழு, மேல வந்துடுவீங்க."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. உள்கதவைத் திறந்துவிட்டு, தயிர்ப் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு, கைகளைத் தூக்கித் தரை விளிம்பைப் பிடித்தேன். நர்ஸ் அவர் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள்.

"அண்ணே, கைய எடுங்க! அக்கா, நீங்களும் உள்ள போங்க. செவுத்தோட ஒட்டி நில்லுங்க."

"ஏம்மா, இன்னா பேசற நீ? எனக்குப் பொழுது போவுது. நான் வீட்டுக்குப் போயி சாப்புடணும்."

"கரண்ட் வந்தா இது மேல போவுமா கீழ போவுமான்னு யாருக்குத் தெரியும்? மொட்டமாடி ரூம்ல மெயின ஆஃப் பண்ணாம உங்கள ஒருத்தரும் இழுக்கக் கூடாது."

மெயின் இருக்கிற அறையின் சாவி செயலாளரின் சாவிக்கொத்தில், சாவிக்கொத்து மேல்மலையனூரில். போன் போட்டால் எடுக்கவில்லை, அந்தக் கூட்டத்தில் எப்படிக் கேட்கும்? திண்டிவனத்திலிருந்து வரவேண்டிய லிஃப்ட் கம்பெனி மெக்கானிக் மட்டும் எடுத்தார். ஸ்பெஷல் பஸ்கள் வரிசைகட்டி நிற்கின்றன, வண்டி நகரவே இல்லை என்றார்.

"அண்ணே, சுத்தியலோ கடப்பாரையோ எடுத்துக்கினு மேல போயி பூட்ட ஒடைங்க. ஆஃப் பண்ணிட்டு சத்தம் குடுங்க. அப்புறம் இழுக்கலாம்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் "இழுங்க தம்பி, அவ கெடக்கறா" என்றேன். அவள் சந்தை மறித்துக்கொண்டு குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அவர் மேலே ஓடினார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நான் செத்தா உனக்கு நிம்மதிதானே? கருவாட்டுக்கு மூக்கப் புடிச்சன்னு இங்க வச்சு பழி தீத்துக்கறியா?" என்று கத்தினேன்.

"திட்டுங்க, நல்லா திட்டுங்க. மெட்ராஸ்ல வேல பாத்தப்போ, லிஃப்டுலேர்ந்து இப்டி பாதி வெளிய வந்த ஆள ஒருதபா தூக்கினு வந்தாங்க. வாணாம், அதக் கேக்காதீங்க." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகு திடீரென்று கேட்டாள், "அக்கா, உங்களுக்கு சுகர் இருக்குது இல்ல? ஊசி போட்டீங்களா?"

"போட்டுட்டுத்தான் எறங்குனேன்."

"ஐயையோ. வேர்க்குதா? கை நடுங்குதா?"

வேர்த்துக்கொண்டுதான் இருந்தது. புழுக்கம் என்று நினைத்திருந்தேன். கையைப் பார்த்தேன், விரல்கள் தாமாக ஆடின. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இழுத்தால் ஒரு விதமாகப் போவேன், இழுக்காவிட்டால் மயக்கத்தில் போவேன். நல்ல நாளாகப் பார்த்துத் தயிர் வாங்கப் போனேன்.

"எங்க வூட்ல குடுத்தா நீங்க சாப்புட மாட்டீங்க. உங்க சாவிய குடுங்க. உங்க சோறு, உங்க பாத்திரம், நான் எடுத்தாறேன். கைய நீட்டாதீங்க! தூக்கிப் போடுங்க."

என் சமையலறைக்குள் வேலைக்காரியைக்கூட நான் விட்டதில்லை. இவள் அதற்குள் நுழைவதா என்று ஒரு நொடி மனசு முரண்டு பிடித்தது. அந்த நிலையிலும் பாருங்கள். பிறகு சாவியை இடுப்பிலிருந்து எடுத்துச் சந்து வழியாக வீசினேன். முதல் தடவை கூரையில் பட்டு என் மேலேயே விழுந்தது. இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டு ஓடினாள்.

திரும்பி வந்தபோது ஒரு துணிப்பை வைத்திருந்தாள். அதைக் கையால் நீட்டவில்லை. அவள் வீட்டு ஒட்டடைக் கம்பின் நுனியில் மாட்டி, தூரத்தில் உட்கார்ந்தபடி சந்துக்குள் மெல்ல விட்டாள். "செருப்ப வாசல்லயே வுட்டேன். கை கால் கழுவிட்டுதான் உள்ள போனேன். கத்தாதீங்க" என்றாள்.

நான் கத்தவில்லை. பையில் வெல்லம், என் இட்லி, கிண்ணத்தில் சட்னி. வெல்லத்தை முதலில் வாயில் போடச் சொன்னாள். லிஃப்டின் அழுக்குத் தரையில் உட்கார்ந்து, இருட்டில் இட்லியைப் பிட்டுப் பிட்டு விழுங்கினேன்.

"பொழுது எங்க இருக்குது?"

"மலைக்கு மேலதான் இருக்குது. மெதுவா சாப்புடுங்க, அடைச்சிக்கப் போவுது."

ராஜகிரி மலைக்கு மேலிருந்து வந்த வெயில் படிக்கட்டு ஜன்னல் வழியாக அவள் கன்னத்தில் விழுந்திருந்தது. அதனால் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. கடைசி இட்லி முடிவதற்குள் கை நடுக்கம் குறைந்தது. மேலே சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, பூட்டு உடைவதாக இல்லை. தண்ணீர் கேட்டேன். பாட்டிலைப் பையில் போட்டுக் கம்பில் மாட்டி மறுபடியும் நீட்டினாள். அதை வாங்க நான் ஓர் அடி எடுத்து வைத்தேன்.

விளக்கு எரிந்தது. எங்கேயோ மோட்டார் உறுமியது. இரண்டு கதவும் திறந்து கிடக்க, லிஃப்ட் கீழே இறங்கியது. கூரை விளிம்பு அந்தக் கம்பின் மேல் வந்து உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். படாரென்று முறிந்தது. பாதிக் கம்பும் பாட்டிலும் என் காலடியில் விழுந்தன. "அக்கா!" என்று அவள் அலறியது மேலே மேலே போய்விட்டது. நான் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு, எதிரே சுவர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே போனேன். தரைத்தளத்தில் வந்து, ஒன்றுமே நடக்காததுபோல் அது நின்றது.

வெளிக்கதவைத் திறந்து நான்கு எட்டு வைத்து, தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். அவள் கையில் மீதிக் கம்பு இருந்தது, அதைப் பிடித்திருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. என் கழுத்து, தோள், கை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். சுத்தியலோடு வந்த ரைஸ்மில்காரர் அவள் கையிலிருந்த கம்பைப் பார்த்தார். லிஃப்டுக்குள் கிடந்ததைப் பார்த்தார். படியில் உட்கார்ந்து, பெரிய மனிதர், சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

"நான் இழுத்திருப்பேன் அக்கா. இந்த அம்மா தள்ளலன்னா நான் இழுத்திருப்பேன்."

"நான்தான தம்பி இழு இழுன்னு கத்துனேன்" என்றேன். அதற்குப் பிறகு நர்ஸுக்கும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே என்னைத் திட்டினாள். ஊசி போட்டுக்கிட்டு யாராவது கடைக்குப் போவாங்களா, படிச்ச குடும்பம்தானே என்றெல்லாம் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தேன். உயிரோடு இருக்கிறேன், கழுத்து இருக்கிற இடத்தில் இருக்கிறது, என்னை ஒருத்தி திட்டுகிறாள். வேறென்ன வேண்டும்?

இரண்டு பேரும் தாங்கிப் பிடித்து என்னைப் படியேற்றினார்கள். மேலே போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. தண்ணீர் வேண்டாம் என்றேன். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, "இட்லி காப்பாத்திச்சு" என்று சொல்லி, அன்றிரவு என் வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். விடிந்து வெயில் ஏறியதும் அவள் கையால் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். தொண்டை குளிர்ந்தது.

செயலாளர் குங்குமப் பிரசாதத்தோடு வந்தார். "அங்காளம்மா காப்பாத்திட்டா அக்கா. உங்க காலு வலிக்குதேன்னுதான், மெக்கானிக் வர்ற வரைக்கும் அப்படியே ஓட்டலாம்னு பாக்கறேன்."

"குங்குமத்த குடுங்க. என் காலப் பத்தி நீங்க கவலப்படாதீங்க. அந்த வயர பிரிக்காம லிஃப்ட ஓட்டுனீங்க, நான் கோர்ட்டு படி ஏறுவேன். இந்த முட்டிய வச்சிக்கினே ஏறுவேன்."

லிஃப்டை நிறுத்தினால் அதிகம் திண்டாடப்போவது நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ரைஸ்மில்காரர் கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார். மெயின் அறைச் சாவியை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஆணியில் மாட்டினார்கள். அந்த நாள்களில் நான் கீழே இறங்கவே இல்லை. தயிரை நர்ஸ் வாங்கி வந்தாள். கருவாடு வறுக்கிற அன்றைக்கு மட்டும், "ஜன்னல சாத்திக்குங்க அக்கா" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள். நானும் முணுமுணுத்துக்கொண்டே சாத்துவேன். இப்போதும் அப்படித்தான்.

கம்பெனி ஆள்கள் வந்து ஜாயின்ட் போட்ட வயரைப் பிரித்தார்கள். கதவுப் பூட்டுகளை மாற்றினார்கள், பேட்டரி வைத்தார்கள், மணியைத் திரும்பப் பொருத்தினார்கள். வேலை முடிந்ததும் மெக்கானிக் எங்களை மூன்றாம் மாடியில் கூப்பிட்டு நிறுத்தி, லிஃப்டின் கதவை ஒரு கை நுழைகிற அளவு திறந்து வைத்தார். "இப்ப பட்டன அமுக்குங்க" என்றார்.

நர்ஸ் அமுக்கினாள். அது அசையவில்லை. செயலாளர் முகம் சுருங்கியது, இன்னும் ரிப்பேர் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார். எனக்கோ கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொரு தபா அமுக்கு" என்றேன்.

அவள் மறுபடியும் அமுக்கினாள். அது நகரவே இல்லை.