திங்கட்கிழமை காலை எடுத்த மாதிரிகள்

கோமதி சிஸ்டர் இறந்துவிட்டார் என்று எங்கள் பழைய தொழிலாளி ராமுலுதான் தொலைபேசியில் சொன்னார். மாரடைப்பு. "எல்லாருக்கும் சொல்லிடுங்க சார்" என்றார் தெலுங்கில். சரி என்றேன். அன்று மாலை வரை யாருக்கும் சொல்லவில்லை. அவர் பெயரை என் வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தது.

அவரை அறிந்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் அவர் நர்ஸ், நான் பாதுகாப்பு அதிகாரி. அவர் லோத்குண்டாவிலும் நான் திருமுல்கேரியிலும் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறுவோம். அவருடையது நான்கு தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். ஆமாம், வேண்டாம், ஏன் என்பதற்கெல்லாம் அவர் தமிழில் ஹைதராபாத் இந்தியின் ஹவ், நக்கோ, கைக்கு தானாக வந்து விழும்.

புதிதாகச் சேரும் தொழிலாளர்களுக்கு அவர்தான் வகுப்பெடுப்பார். தெலுங்கும் இந்தியும் கலந்து அவர் சொன்னது இன்றும் எனக்கு மனப்பாடம். பெரிய தூசியை மூக்கு முடி பிடித்துக்கொள்ளும். அதைத் தாண்டியதைச் சளி மேலே தள்ளிவிடும், துப்பிவிடலாம். மருந்தைக் கரைக்கும் சால்வென்ட் திரவத்தின் ஆவி அப்படியில்லை. நுரையீரலின் கடைசி வரை போய் ரத்தத்தில் கலந்துவிடும். கல்லீரல் அதை மாற்றிக் கொடுக்க, சிறுநீரகம் வெளியே அனுப்பும். "உடம்பு ஓயாம கூட்டிப் பெருக்குது. அது பெருக்குறதைவிட நீங்க உள்ளே இழுக்குறது அதிகமானா, மிச்சம் மூளையிலயும் நரம்புலயும் போய் உக்காந்துக்கும்" என்பார்.

ஒரு வருடம் தணிக்கைக்கு முன்பு எல்லாருடைய சிறுநீரையும் சோதிக்க வேண்டியிருந்தது. நான் போட்ட பட்டியலைப் பார்த்துவிட்டு அவர் என் அறைக்கு வந்தார்.

"திங்கக்கிழமை காலைல, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி எடுக்கணும்னு போட்டிருக்கீங்களே சார். ஞாயிறு லீவுல முக்கால்வாசி வெளியே போயிடுமே. ஷிப்ட் முடியுறப்பதானே எடுக்கணும்?"

"மேலேருந்து சொன்னது சிஸ்டர்."

"கல்லீரல் மேலேருந்து சொல்றதைக் கேட்டா வேலை செய்யுது?"

மேலிருந்து யாரும் சொல்லவில்லை. அறிக்கைகள் சுத்தமாக வர வேண்டும் என்று மட்டும்தான் மேலாளர் சொன்னார். திங்கட்கிழமை என்பது என் யோசனை. உடம்பு எவ்வளவு வேகமாகத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் என்பதை அவருடைய வகுப்பில் உட்கார்ந்து தெரிந்துகொண்டவன் நான். தொழிலாளிகளைக் காப்பாற்ற அவர் சொல்லிக்கொடுத்ததை, அவர்கள் உடம்பில் இருந்ததை மறைக்கப் பயன்படுத்தினேன். எல்லா அறிக்கைகளும் சுத்தமாக வந்தன.

ராமுலுவின் அறிக்கையும்தான். பீப்பாய்களிலிருந்து சால்வென்டை மருந்து தயாராகும் ரியாக்டர் கலனில் ஊற்றுவது அவர் வேலை. அப்போதே தலைவலி, கைநடுக்கம் என்று சிஸ்டரிடம் அடிக்கடி வருவார். ஒரு வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்ததும், சிஸ்டர் அவரைக் கையோடு வெளியே ஒரு லேபுக்கு அழைத்துப் போனார். இருக்கக் கூடிய அளவைவிடப் பல மடங்கு வந்தது. அந்த முடிவை என்னிடம் கொடுக்காமல் நேரே மேலாளர் மேஜையில் வைத்தார். என்னைத் தாண்டிப் போனதில் எனக்குக் கோபம். இன்று யோசித்தால், என்னிடம் கொடுத்திருந்தால் அது இழுப்பறைக்குள் போயிருக்கும். அவருக்கு அது தெரிந்திருந்தது.

சில மாதங்களில் அந்தப் பிரிவில் ஆவியை உறிஞ்சும் விசிறிகள் வந்தன. சிஸ்டரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அனுமதியின்றித் தொழிலாளியை வெளியே அழைத்துச் சென்றார் என்று ஒரு குறிப்பு எழுதப்பட்டது. எழுதியவன் நான். கடைசி நாள் பஸ்ஸிலும் அவர் எப்போதும்போல, "போயிட்டு வரேன் சார்" என்று சொல்லி இறங்கினார்.

துக்கத்துக்குப் போனபோது அவர் மகள், "அங்கிள், ப்ளீஸ், அம்மா பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றாள். நேரம் தவறாதவர், கடமை உணர்வுள்ளவர் என்று எதையோ பேசினேன். பேசி முடித்ததும் ராமுலு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் நடுக்கம் இன்னும் போகவில்லை. "நீங்களும் சிஸ்டரும்தான் சார் எங்களைப் பார்த்துக்கிட்டீங்க" என்றார். சிஸ்டர் அவரிடம்கூட என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நானும் சொல்லவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ராமுலுவுக்குத் தமிழ் படிக்க வராது. இந்த வாரம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

சிஸ்டரை நான் கடைசியாகப் பார்த்தது போன வருடம், திருமுல்கேரியில் ஒரு மருந்துக் கடை வாசலில். நான் இருமிக்கொண்டிருந்தேன். அருகில் வந்து கொஞ்ச நேரம் கவனித்தார்.

"நீங்களும் அந்தக் காத்துலதானே சார் இத்தனை வருஷம் இருந்தீங்க. உங்களுக்கு யாராவது டெஸ்ட் எடுத்தாங்களா?"

இல்லை என்றேன்.

"கைக்கு சார் இப்படி விட்டுட்டீங்க? நாளைக்கே போங்க" என்று, எந்த டாக்டர், எந்தக் கிழமை, என்னென்ன கேட்க வேண்டும் என்று மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தச் சீட்டு ஒன்றுதான். நான் போகவில்லை.