விருந்தாளிக் கப்பல் நின்ற காலை

அந்தக் கப்பல் அழகில்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அழகாகத்தான் இருந்தது. இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது அதுதான்.

மூன்று பாய்மரங்கள். வெள்ளை உடம்பு. பாய்களைச் சுருட்டிக் கட்டி, நங்கூரம் போட்டு, காரைக்கால் முகத்துவாரத்துக்கு நேர் கிழக்கே நின்றது. நாங்கள் ஆழத்திலிருந்து கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் அப்போதுதான் கிளம்பியிருந்தது. வந்த வெளிச்சம் அத்தனையும் அந்தக் கப்பல்மேல் போய் விழுந்தது. பாய்மரங்களில் குறுக்கே கட்டியிருந்த கட்டைகள், அவற்றிலிருந்து இறங்கிய நூற்றுக்கணக்கான கயிறுகள், தளத்தில் நடமாடிய ஆட்கள், எல்லாம் மஞ்சளாக மின்னின. வேறொரு நாளாக இருந்தால் இன்ஜினை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்திருப்பேன். அன்றைக்கு என் காலடியில், மீனுக்கும் வலைக்கும் நடுவில், என் மச்சான் கையைப் பிடித்துக்கொண்டு முனகியபடி கிடந்தார்.

மச்சான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். கோட்டுச்சேரிமேட்டில் அவருக்கு ஒரு ஃபைபர் படகு இருக்கிறது. நான் காரைக்கால் டவுனில் ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். கடை லீவு விட்டால் அவரோடு கடலுக்குப் போவேன். அந்த முறை அவருடைய கூட்டாளி ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால் நாங்கள் இருவர் மட்டும்தான். விடிவதற்கு முன்பே வலையை இழுத்தபோது ஒரு பெரிய திருக்கை ஏறி வந்தது. மச்சான் அதை வலையிலிருந்து விடுவிக்கக் குனிந்தார். அது வாலைச் சுழற்றியது. முள் அவருடைய வலது உள்ளங்கையில் ஏறி, மணிக்கட்டு வரை கிழித்துவிட்டது.

என் துண்டால் கட்டினேன். துண்டு நனைந்தது. என் சட்டையைக் கழற்றி அதன்மேல் கட்டினேன். ரத்தத்தைவிட வலிதான் அவரை வதைத்தது. திருக்கை முள்ளில் விஷம் உண்டு. எதற்கும் வாய் திறக்காத மனிதர், "அம்மா, அம்மா" என்று சின்னப் பிள்ளைபோலக் கத்தினார்.

முகத்துவாரத்துக்குள் நுழைந்தால் துறைமுகம். அங்கே இறங்கினால் ஆட்டோவில் ஆஸ்பத்திரி. அதை மட்டும் மனதில் வைத்து ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியை மறித்துக்கொண்டு ஒரு ரோந்துப் படகு நின்றது. ஒலிபெருக்கியில் ஒருவர் பேசினார்.

"உள்ள வரக்கூடாது. திரும்பிப் போங்க."

"ஆளு அடிபட்டுக் கெடக்குறாரு சார்! ஆஸ்பத்திரிக்குப் போவணும்!"

"கப்பல்லேந்து வெளிநாட்டு விருந்தாளிங்க எறங்குறாங்க. வரவேற்பு முடியுற வரைக்கும் எந்தப் படகுக்கும் அனுமதி இல்ல. ஊர் ஊரா சொல்லிட்டோம்ல?"

"நாங்க நேத்து மத்தியானமே கடலுக்குப் போயிட்டோம் சார். எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப உங்க ஊர்லயே போயி கரையேறுங்க."

எங்கள் ஊரில் துறைமுகம் கிடையாது. அலையில் ஏற்றித்தான் மணலில் படகைத் தள்ள வேண்டும். அந்தப் பருவத்தில் அலை ஆள் உயரத்துக்கு அடிக்கும். கை கிழிந்து கிடக்கும் ஒருவரை வைத்துக்கொண்டு நான் ஒருவனாக அந்த அலையில் ஏறினால் படகு கவிழும். இதையெல்லாம் கத்திச் சொன்னேன். மச்சானின் கையைத் தூக்கிக் காட்டினேன். அந்த ஆள் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் துறைமுகம் பக்கம் திருப்பிக்கொண்டார். அங்கே பந்தல் போட்டிருந்தார்கள். நாதஸ்வரச் சத்தம் தண்ணீர்மேல் தெளிவாக வந்தது.

"வேணாம் மாப்ள," என்றார் மச்சான், பல்லைக் கடித்துக்கொண்டு. "அவங்ககிட்ட சண்ட போடாத. ஊருக்கே விடு."

அவர் அப்படிச் சொன்னதுதான் என்னை வெறியனாக்கியது. நம்முடைய கடல், நம்முடைய ஆற்று வாய், ரத்தம் போவது நமக்கு, அதிலும் நாம்தான் பணிந்து போக வேண்டுமா? யாருக்காக வழியை மூடினார்களோ அவர்களிடமே கேட்டுவிடுவோம் என்று படகைத் திருப்பி, நேராக அந்தக் கப்பலை நோக்கி ஓட்டினேன்.

ரோந்துப் படகு பின்னால் துரத்தியது. ஒலிபெருக்கியில் என்னென்னவோ சொன்னார்கள். சுட்டுவிடுவார்களோ என்றுகூடத் தோன்றியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கப்பலை நெருங்கியதும் இன்ஜினை அணைத்துவிட்டு, மச்சானின் கையை மறுபடி தூக்கிப் பிடித்து, "டாக்டர்! டாக்டர்!" என்று கத்தினேன். தளத்தின் ஓரத்தில் தலைகள் எட்டிப் பார்த்தன. யாரோ ஓடினார்கள். ஒரு கயிற்று ஏணி இறங்கியது.

அதில் வெறுங்காலோடு ஒரு பெண் இறங்கி வந்தாள். வெள்ளைக்காரப் பெண், முப்பது வயது இருக்கும். தோளில் ஒரு சிவப்புப் பை. எங்கள் படகில் மீன் தண்ணீரும் ரத்தமும் கலந்து கணுக்கால் அளவு கிடந்தது. அதில் அப்படியே மண்டியிட்டாள். செத்துக் கிடந்த திருக்கையைக் கைகாட்டி நான் சொன்னதும், மேலே பார்த்து ஏதோ கத்தினாள். கயிற்றில் கட்டி ஒரு வாளி வெந்நீர் இறக்கினார்கள். மச்சானின் கையை அதில் முக்கிப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் அவருடைய கத்தல் நின்றது. அதன்பிறகு காயத்தைச் சுத்தம் செய்து, இறுக்கிக் கட்டி, ஒரு ஊசி போட்டாள்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் குறைவு. அவள் கேட்டது புரிந்தது. கரை இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, ஏன் அங்கே போகவில்லை என்றாள். நான் ரோந்துப் படகைக் காட்டினேன். பிறகு அவளுடைய கப்பலைக் காட்டினேன். அவர்கள் விடவில்லை, உங்களால்தான் என்று சொன்னேன். அவளுடைய முகம் சிவந்துபோனது. அவளிடம் கோபப்படுவது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த நிமிடம் கோபம்தான் வந்தது.

அவள் மேலே ஏறிப் போய் என்ன சொன்னாளோ, கப்பலிலிருந்து ரோந்துப் படகுக்கு வயர்லெஸ்ஸில் பேசினார்கள். பேசி முடித்த மறுகணம் எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது. என்னைத் திட்டிய அதே ஆள், "ஏங்க, மெதுவாப் பின்னாடி வாங்க, நாங்க கூட்டிட்டுப் போறோம்" என்றார். சைரன் போட்டுக்கொண்டு முன்னால் போனார்கள். துறைமுகத்தில் மச்சானை இறக்கக் கை கொடுத்தார்கள். கேமராக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. விருந்தாளிகளுக்காக ஏற்பாடு செய்தது.

அந்த வாரமே பாராட்டு விழா வைத்தார்கள். கடலில் காயமடைந்த மீனவரை உயிரைப் பணயம் வைத்து மீட்ட ரோந்துக் குழுவுக்கு! மீட்கப்பட்டவர் என்று என் மச்சானையும் மேடைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் அவரிடம் எவ்வளவோ சொன்னேன், போகாதீங்க என்று. கேட்கவில்லை. கட்டுப்போட்ட கையோடு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மைக்கில் பேசியவர் அந்தக் கப்பல்காரப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெந்நீர் வாளி இல்லை, மறித்தது இல்லை. எல்லாம் இவர்களே செய்தார்களாம்.

நான் எழுந்து, "பொய்!" என்று கத்தினேன். "பொய் சொல்றீங்க! நீங்கதானே வெரட்டுனீங்க!"

இரண்டு பேர் தோளைப் பிடித்து என்னை வெளியே கொண்டுவந்து விட்டார்கள். திரும்பிப் பார்த்தபோது மச்சான் குனிந்து சால்வையை வாங்கிக்கொண்டிருந்தார்.

அக்கா என் பின்னாலேயே வெளியே வந்தாள்.

"நீ கத்துனதுல ஒண்ணும் தப்பில்ல தம்பி," என்றாள். "ஆனா நீ நாளைக்குக் கடைக்குப் போயிடுவ. அவரு மழைக்கும் பொயலுக்கும் அந்த ஆத்து வாய்லதான் படகக் கொண்டாந்து விடணும். மறிக்கிறதுக்கு இவங்கதானே அங்க நிப்பாங்க?"

அக்காமேலும் கோபம் வந்தது. அவளோடு பேசாமல் பஸ் ஏறிவிட்டேன்.

காயம் ஆறியது. மச்சானின் மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் மடங்கவில்லை. நரம்பு போய்விட்டது, கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் ஒருவேளை பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அந்த "ஒருவேளை"யை மச்சான் யாரிடமும் சொல்லவில்லை. வலை இழுக்கும்போது மட்டும் கூட்டாளியைப் பக்கத்தில் நிற்கச் சொல்வாராம்.

ஊர்ப் பஞ்சாயத்தார் கூடி, எந்த விழா நடந்தாலும் அடிபட்டவரோடு வரும் படகை மறிக்கக்கூடாது என்று கேட்க, ரோந்துப் படகுகளுக்குப் பொறுப்பான அதிகாரியைப் பார்க்கப் போனார்கள். நானும் போனேன். மச்சானும் வந்தார். வர மாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். எல்லாரையும் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். பிறகு சொன்னார்: "முகத்துவாரத்த மூடச் சொல்லி யாரும் உத்தரவே போடலிங்க. நாங்க விசாரிச்சிட்டோம். அங்க நின்னவங்க ஏதோ தப்பாப் புரிஞ்சிக்கிட்டிருப்பாங்க. போடாத உத்தரவ நான் எப்படி ரத்து பண்றது, சொல்லுங்க?"

விழாவில் அத்தனை பேர் நடுவில் கத்திய நான் அங்கே டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் எழுந்தார். மேசைக்கு அருகில் போய், வலது கையை அதிகாரியின் முன்னால் விரித்து வைத்தார்.

"உத்தரவு போடலன்னு சொல்றீங்க. சரி சார்," என்றார். "இந்த ரெண்டு வெரலையும் மடங்கச் சொல்லி ஒரு உத்தரவு போடுங்க. நான் பாத்துக்கிட்டிருக்கேன்."

அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி அந்தக் கையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், "உட்காருங்க, உட்காருங்க" என்றார். மச்சான் உட்காரவில்லை. கையையும் எடுக்கவில்லை. கடைசியில் அதிகாரிதான் நாற்காலியை விட்டு எழுந்தார். மேலே எழுதிக் கேட்கிறேன் என்றார்.

இன்றுவரை எந்தப் பதிலும் இல்லை. நாங்கள் மாதம் தவறாமல் அங்கே போகிறோம். இப்போதெல்லாம் முதலில் கிளம்புவது மச்சான்தான்.