பிரேக் அக்காவும் மேஸ்திரியின் முட்டியும்

டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டுகிறவருக்கு, இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவருக்கு. அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் வலது காலை வைத்தபடியே பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். தெருவே அவளை பிரேக் அக்கா என்றுதான் கூப்பிட்டது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும் மிச்சமிருந்தது.

காலுக்கு அந்தப் பழக்கம் எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்றால், எதிரில் இருப்பவர் தப்பாக ஒரு வார்த்தை சொன்னாலே போதும், கால் தானாகத் தரையை அழுத்தும். பஸ்ஸில் அழுத்தும், துக்க வீட்டில் அழுத்தும், பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து வைத்திருக்கும்போதுகூட அழுத்தும். அண்ணன் குடும்பத்தோடுதான் அவள் இருந்தாள். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் அவள் கால் படும் இடம் குழிந்துவிட்டதாக அண்ணி சத்தியம் பண்ணுவாள்.

கல்யாணம் கூடிவராமல் போன அந்த வாழ்க்கையில் வெளிச்சம் என்று ஒன்று இருந்தால் அது சனிக்கிழமைதான். அன்று மாதா கோயிலின் பின்கட்டு அறையில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும் மறைக்கல்வி வகுப்பு எடுப்பாள். வாரம் முழுக்கக் கிளட்ச்சையும் கியரையும் திட்டித் தீர்த்த வாய் அங்கே தேனாக இனிக்கும். பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டிருந்தால் வம்பே இல்லை. பெரியவர்களையும் திருத்தப் போனாளே, அங்கேதான் வினை பிடித்தது.

பேக்கரிக்காரருக்கு ஒரு சொந்த நம்பிக்கை இருந்தது. நரகத்துக்கு அனுப்பினாலும் நன்னடத்தை பார்த்துக் கொஞ்ச காலத்தில் வெளியே விட்டுவிடுவார்கள் என்று அவர் மனதார நம்பினார். அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலிலேயே அவரை மறித்து, நரகத்துக்கு முடிவே கிடையாது என்ற கோயில் போதனையை எடுத்து வைத்தாள். அத்தோடு விட்டிருக்கலாம். "உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் அதைக் கட்டியே வெச்சிருக்கு" என்று ஒரு வார்த்தை கூடுதலாகப் போட்டாள். மறுவாரமே மனிதர் வேறு சபைக்குப் போய்விட்டார். பூசை முடிந்ததும் எல்லோருக்கும் அவர் இலவசமாகக் கொடுத்துவந்த பிஸ்கட்டும் கூடவே போனது. ஒரு ஆத்துமா போனதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பிஸ்கட் போனதைத்தான் வாரக்கணக்கில் பேசினார்கள்.

அடுத்த பிறவியிலாவது நீளமான கூந்தலோடு பிறக்க வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டிருந்த பியூட்டி பார்லர்காரியின் கதையும் அதேதான். மறுபிறவி கிடையாது என்று அக்கா சொன்ன விதத்தில் அந்தப் பெண் இந்தப் பிறவியிலேயே கோயில் பக்கம் வருவதை விட்டுவிட்டாள்.

இப்படி இருக்கையில்தான் ஒரு நாள் ஃபாதர் அக்காவை அழைத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"டைல்ஸ் மேஸ்திரி பேத்திக்கு வர்ற ஞாயிறு ஞானஸ்நானம். எங்கப்பாதான் ஞானத்தந்தையா நிக்கணும்னு அவர் பொண்ணு ஒத்தக்கால்ல நிக்குது."

"நல்ல மனுஷன்தானே ஃபாதர்."

"நல்ல மனுஷன்தான், அதுதான் தொல்லையே. 'இதை இதை நம்புறீங்களான்னு கேட்பேன், நம்புறேன்னு சொல்லணும்'னேன். 'எல்லாத்துக்கும் சொல்றேன் ஃபாதர், செத்த உடம்பு திரும்ப எழும்ங்கிறதுக்கு மட்டும் சொல்ல மாட்டேன், பொய் சொல்ல எனக்கு வாய் வராது'ன்னுட்டார்."

அக்காவின் கால் தரையை அழுத்தியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஞாயிறுதோறும் மேஸ்திரிக்குப் பின் வரிசையில் நிற்பவள் அவள். விசுவாசப் பிரமாணத்தை எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது, உடல்கள் உயிர்த்தெழும் என்கிற இடம் வந்ததும் அவர் வாயை மூடிக்கொண்டு குனிந்து முட்டியைத் தடவுவார். பாவம், வலி போல என்று இத்தனை வருடம் இவள் இரக்கப்பட்டிருக்கிறாள்!

"நீங்க போய்ப் பேசுங்க. பேசுங்கன்னுதான் சொல்றேன்" என்றார் ஃபாதர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இவரும் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார்னா, சனிக்கிழமை வகுப்புக்கு நான் வேற ஆளைத்தான் பாக்கணும். சொல்லிட்டேன், அப்புறம் வருத்தப்படாதீங்க."

அக்காவின் தலையில் இடி இறங்கியது. அந்தப் பின்கட்டு அறை, அந்தப் பிள்ளைகள், ஸ்தோத்திரம் சொல்லும்போது ஒரு பல் இல்லாமல் சிரிக்கும் அந்தச் சின்னது. அதெல்லாம் போய்விட்டால் அவளுக்கு மிச்சம் என்ன? இரண்டாவது பிரேக் மட்டும்தான்.

வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அண்ணி கதவில் சாய்ந்துகொண்டு கேட்டாள். "பேசப் போறியா, திருத்தப் போறியா?"

"பேசத்தான் அண்ணி."

"அப்ப செருப்பைக் கழட்டிட்டு உட்காரு. கால் உதைக்கிற சத்தமாவது கேக்காம இருக்கும்."

மேஸ்திரியின் வீட்டில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு தரை. வேலை பார்த்த இடங்களில் மிஞ்சியதைக் கொண்டுவந்து ஒட்டியிருந்தார். ஹாலில் ஏதோ ஹோட்டலின் சிவப்பு, நடையில் ஆஸ்பத்திரி வெள்ளை, சமையலறையில் நீச்சல் குளத்து நீலம். சிவப்பின் நடுவே நாற்காலி போட்டு, வலது காலை ஒரு ஸ்டூலின் மேல் நீட்டி அவர் உட்கார்ந்திருந்தார். முட்டி, சின்னப் பூசணி அளவுக்கு வீங்கியிருந்தது. குழந்தையைத் தோளில் போட்டிருந்த மகள், அக்காவைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சிவிட்டு உள்ளறைக்குப் போனாள். மேஸ்திரியின் மனைவி சமையலறையில் அவர் முட்டிக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா. ஃபாதர் அனுப்பினாரா?" என்றார் மேஸ்திரி.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"சும்மா வர்றவங்க பைபிளைக் கக்கத்துல இடுக்கிட்டு வர மாட்டாங்களேம்மா."

அக்கா பைபிளை மடியில் வைத்துக்கொண்டாள். செருப்பை ஏற்கெனவே வாசலில் விட்டிருந்தாள்.

"அண்ணே, கடவுள்மேல உங்களுக்கு ஏதாவது கோவமா?"

"கோவமா? எனக்கா? நீங்கள்லாம் கோயில்ல ஒரே இடத்துல முட்டி போடுறீங்க. அந்தக் கோயில் தரை பூராவும் முட்டி போட்டவன் நான் ஒருத்தன்தான். பீடத்துலேருந்து வாசப்படி வரைக்கும் ஒரு கல்லு விடாம!" அவர் முட்டியைத் தட்டிக் காட்டினார். "அதுக்குக் கிடைச்ச கூலி இது. இந்த உடம்பைத் திரும்ப எழுப்புவாராம். எதுக்கும்மா? உடைஞ்ச டைல்ஸை எவனாவது பொறுக்கியெடுத்துத் திரும்ப ஒட்டுவானா? ஆவி மேல போச்சா, சிவனேன்னு காத்து மாதிரி திரிஞ்சோமா, வலியில்லாம இருந்தோமான்னு இருக்கணும்."

தன் வாயில் சிவன் வந்துவிட்டதைக்கூட அவர் கவனிக்கவில்லை. அக்கா கவனித்தாள். கால் ஒருமுறை அழுத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பழசை ஒட்ட மாட்டார் அண்ணே. புதுசாக்கித் தருவார். நோவு கிடையாது, மூப்பு கிடையாது."

"புதுசுன்னா அது என் உடம்பு இல்லையே. வேற எவனோ ஒருத்தனோடது. அவன் எழுந்தா எனக்கென்ன, படுத்தா எனக்கென்ன?"

"ஐயோ, இதே உடம்புதான். ஆனா குணமானது. நம்ம ஆண்டவரே அப்படித்தான் எழுந்தார். கையில ஆணித் தழும்பைக்கூடக் காட்டினாரே, அவர்தான்னு சீடர்கள் தெரிஞ்சுக்கிறதுக்கு."

மேஸ்திரி நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் பிரகாசித்தது.

"பாத்தியா, நீயே சொல்லிட்ட! கடவுளோட மகனுக்கே காயம் அப்படியே இருந்துச்சு. அப்புறம் என் முட்டிக்கு எவன் கேரண்டி?"

பெண்களையும் ஆண்களையும், லாரிக்கு நேராக வண்டியை விட்டவர்களையும், ஹாரனைப் பிரேக் என்று நினைத்தவர்களையும் சமாளித்தவள் அக்கா. அவளே மடியிலிருந்த பைபிளை ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். "அது வலிக்கிற காயம் இல்ல அண்ணே" என்றாள் மெதுவாக. அவள் குரல் இவ்வளவு மெதுவாக அதுவரை வந்ததில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்? அவர் சொன்னாரா?"

சமையலறையில் பாத்திரம் ஒன்று டம்மென்று விழுந்தது. கையில் பிழிந்த துணியோடு மேஸ்திரியின் மனைவி நீலத் தரையைத் தாண்டி, வெள்ளைத் தரையைத் தாண்டி, சிவப்புத் தரைக்கு வந்து நின்றாள்.

"என்ன சொன்னீங்க? அங்க உங்களுக்கு உடம்பு வேண்டாமா?"

"நீ உள்ள போ. இது கோயில் விஷயம்."

"என்ன கோயில் விஷயம்? இது என் விஷயம்! வருஷக்கணக்கா இந்த முட்டிக்குத் தைலம் தேய்ச்சுத் தேய்ச்சு என் கைரேகையே அழிஞ்சுபோச்சு. நீங்க அதைக் குப்பைல போட்டுட்டுக் காத்து மாதிரி திரியப் போறீங்களா? நான் முழுசா எழுந்து வந்து உங்களை எங்கன்னு தேடுவேன்?"

"கூப்பிடுடி. குரல் குடுக்கிறேன்."

"தொண்டையில்லாம எங்கேருந்து குடுப்பீங்க குரலை?" அவள் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. "இங்க வேலை வேலைன்னு ஓடினீங்க. ராத்திரி வந்தா முட்டி வலின்னு படுத்தீங்க. சரி, அங்க போய்ச் சேர்ந்த பிறகாவது புருஷன் பொஞ்சாதியா நிம்மதியா இருப்போம்னு நான் எத்தனை வருஷமா நெனைச்சிட்டிருக்கேன், தெரியுமா?"

மேஸ்திரி தரையைப் பார்த்தார், முட்டியைப் பார்த்தார், கடைசியில் மனைவியைப் பார்த்தார்.

"அழாதடி. சரி விடு, எழுந்துக்கறேன். முட்டியோடயே எழுந்துக்கறேன், போதுமா?" அக்காவிடம் திரும்பினார். "ஃபாதர்கிட்ட சொல்லிடும்மா. ஞாயித்துக்கிழமை நம்புறேன்னு சொல்றேன். மனசாரத்தான்."

அக்காவின் நெஞ்சு துள்ளியது. வகுப்பு பிழைத்தது! எழுந்தாள், கும்பிட்டாள், வாசலுக்கு வந்து ஒரு செருப்பை மாட்டினாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

புருஷன் பொஞ்சாதியா. அந்த அம்மா அப்படித்தான் சொன்னாள். அங்கே கல்யாணமும் கிடையாது, புருஷன் பெண்சாதி என்பதும் கிடையாது என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே! கணவனின் சரியான நம்பிக்கையை மனைவியின் ஒரு தப்பு நம்பிக்கை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறது. இதைச் சொன்னால் இரண்டும் சேர்ந்து சரிந்துவிடும். மேஸ்திரி போவார், வகுப்பு போகும். சொல்லாமல் போனால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஆனால் பொய் சொல்ல வாய் வராத மனிதர் அவர். அவர் மனசார ஒரு சொல் சொல்லப்போகிறார். தனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று அவரைத் தப்புக் கணக்கின் மேல் நிற்க விட்டுவிட்டு நழுவுவதா? அக்கா மாட்டிய செருப்பைக் கழற்றினாள்.

உள்ளே மேஸ்திரியின் முட்டியில் மனைவி துணியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லலாமா அக்கா?" என்றாள் பிரேக் அக்கா, வாசலில் நின்றபடியே. திருத்துவதற்கு முன் அவள் ஒருவரிடம் அனுமதி கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "அங்க... கல்யாணம்னு ஒண்ணு கிடையாதுன்னு ஆண்டவர் சொல்லியிருக்கார். புருஷன் பொஞ்சாதின்னு இருக்காதாம். இதைச் சொல்லாம போக எனக்கு மனசு வரலை."

முட்டியை அழுத்திய துணி அப்படியே நின்றது. உள்ளறையில் குழந்தைகூடச் சிணுங்கலை நிறுத்தியது.

"இருக்காதா?" என்றாள் அந்த அம்மா.

"இருக்காது. ஆனா பாசம் இருக்காதுன்னு அவர் சொல்லவே இல்ல அக்கா. ஒருத்தரை ஒருத்தர் தெரியாதுன்னும் சொல்லலை. அங்க பாசம் இதைவிடப் பெருசா இருக்கும்னுதான் கோயில்ல சொல்றாங்க."

அந்த அம்மா துணியை மடித்து முட்டியின் மறுபக்கம் வைத்தாள்.

"கல்யாணம் இல்லன்னா, சமையல்?"

"அதுவும் இருக்காதுன்னுதான் நெனைக்கிறேன்."

"துணி துவைக்கிறது?"

"வாய்ப்பே இல்ல."

"அப்ப சும்மா இவர் பக்கத்துல உட்கார்ந்து பேசிட்டிருக்கலாமா? நடுவுல எழுந்து அடுப்பைப் பாக்காம?"

"பேசலாம் அக்கா."

"அடிப்பாவி, இதை மொதல்ல சொல்லியிருக்கக் கூடாதா! இதைவிட்டுட்டு ஆணித் தழும்பு அது இதுன்னு!"

அக்கா சிரித்துவிட்டாள். ஆனால் மேஸ்திரி சிரிக்கவில்லை. ஒத்தடத் துணியின் ஓரத்தைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

"இங்கன்னா கட்டிக்கிட்ட பாவத்துக்கு உட்கார்ந்திருக்கா" என்றார் யாரையும் பார்க்காமல். "அங்க அந்தக் கட்டாயம் இல்லன்னா என் பக்கத்துல ஏன்மா வந்து உட்காரப் போறா? ஒரு நாள் சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனதில்ல நான். அதான் உடம்பே வேண்டாம், காத்தா போயிடறேன்னேன்."

முட்டிக்குப் பின்னால் இவ்வளவு பெரிய வலி ஒளிந்திருந்தது அங்கே யாருக்குமே தெரியாது. அக்காவின் கால்கூட அசையவில்லை.

அந்த அம்மா ஈரத் துணியாலேயே அவர் தொடையில் ஒரு அடி வைத்தாள். "வருவேன். கட்டாயம் இல்லன்னாலும் வருவேன். கண்ணுக்குத் தெரியற மாதிரி உட்கார்ந்திருங்க, அது போதும்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. குழந்தையை மகள் ஏந்தியிருக்க, மேஸ்திரி இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக நின்றார். அக்கா பின் வரிசையில் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஃபாதர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். மேஸ்திரி கணீரென்று பதில் சொன்னார். கடைசியில் அந்த இடம் வந்தது. மேஸ்திரி கொஞ்சம் நிறுத்தினார். அவர் குனியவில்லை, முட்டியைத் தடவவில்லை.

"நம்புகிறேன்" என்றார். நேர்மையான மனிதர் அல்லவா, அதோடு விட முடியவில்லை. "முட்டி எப்படியிருக்கும்னு தெரியல ஃபாதர். அதை அவர் பாத்துப்பார்."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ஃபாதர் குழந்தையின் தலைக்கு மேலாக அக்காவைத் தேடிப் பார்த்தார். இந்தப் பதில் செல்லுமா என்று அந்தக் கண்கள் கேட்டன. திருத்துவதற்கு அதில் இடம் இருந்ததா என்று அக்கா ஒரு கணம் தேடினாள். எவ்வளவு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, செல்லும் என்று பலமாகத் தலையாட்டினாள்.

ஃபாதர் தண்ணீரை ஊற்றினார். குழந்தை வீறிட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர் அக்காவிடம் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை, அவளுக்கு மட்டும் உதடசைவிலேயே புரிந்துவிட்டது.

"சனிக்கிழமை லேட்டா வராதீங்க."